எந்தத் தேதி, எந்தப் பிரிவு? மனநல வார்டில் வைப்பதும் விடுவதும்: டெல்டாவில் உள்ள ஐந்து கதவுகள்

"எங்க ஆளை விடமாட்டேங்கிறாங்க" என்று வருகிறவரிடமும், "இன்னும் சரியாகலே, அதுக்குள்ள அனுப்பிட்டாங்க" என்று வருகிறவரிடமும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான். எந்தத் தேதியில், எந்தப் பிரிவில் சேர்த்தார்கள்? பெரும்பாலும் பதில் வராது. "பெரிய டாக்டர் சொன்னாரு", "ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க" என்பதோடு நின்றுவிடும். அந்தப் பேப்பரில்தான் வழக்கே இருக்கிறது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இப்படி ஒரு தகராறு வந்தால் தட்டுவதற்கு ஐந்து கதவுகள் உண்டு: மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் மேசை, மனநல மறுஆய்வு வாரியம் (சேர்த்ததும் வைத்திருப்பதும் சரியா என்று விசாரிக்கும் குழு), இலவசச் சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு, நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்), உயர் நீதிமன்றம். ஒவ்வொன்றும் எதற்கு உதவும், எங்கே மாட்டிக்கொள்ளும் என்று பார்ப்போம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். போகவேண்டிய இடம் வாரியம், அங்கே போகக் கைகொடுக்கும் இடம் சட்டப்பணிகள் ஆணைக்குழு. சேர்த்த காகிதமே இல்லாமல் ஆளை அடைத்து வைத்திருந்தால் மட்டும் நேராக உயர் நீதிமன்றம். நம் ஊரில் நடப்பது இதற்குத் தலைகீழ். முதலில் ஸ்டேஷன், பிறகு கவுன்சிலர், பிறகு மருத்துவமனை வாசலில் சத்தம், கடைசியில் மதுரைக்கோ சென்னைக்கோ வண்டி.

காகிதத்தைப் படிக்கும் விதம்

இப்போது நடப்பில் இருப்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018-இல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் இருந்தது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். பழைய சட்டத்தில் நடுவர் உத்தரவு வாங்கி உள்ளே வைக்கும் வழக்கம் இருந்தது. அந்த ஞாபகத்தில் இன்னமும் "ஜட்ஜ் ஆர்டர் இல்லாம எப்படி வச்சீங்க" என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. அந்தக் கேள்வி இன்று செல்லாது. இன்று கேட்க வேண்டியது, 86-ஆ, 89-ஆ, 90-ஆ, 94-ஆ என்பது.

86 என்றால் தானாக விரும்பிச் சேர்ந்தவர். 18 வயது நிரம்பியவர், விஷயம் புரிந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கேட்டுச் சேர்வது. இவர் "நான் போகணும்" என்று சொன்னால் விட்டாக வேண்டும். கூட வந்தவர் சம்மதம் தேவையில்லை. 88-ஆவது பிரிவில் ஒரே ஒரு தடுப்பு இருக்கிறது. தன்னை மாய்த்துக்கொள்ள முயன்றது அல்லது மிரட்டியது, மற்றவரைத் தாக்கியது, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை, பெரிய அளவில் பிறர் துணையில்லாமல் முடிவெடுக்க முடியாத நிலை, இப்படி ஏதாவது இருந்தால் மறுபடி பரிசோதிக்க 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம். செவ்வாய் காலை பத்து மணிக்குக் கேட்டால் புதன் காலை பத்து மணிக்குள் ஒன்று 89-இல் முறைப்படி சேர்த்திருக்க வேண்டும், அல்லது விட்டிருக்க வேண்டும். இதனால்தான் கேட்ட நேரத்தை எழுத்தில் போட்டுக் கொடுக்கச் சொல்கிறோம். வாயால் கேட்டால் அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதே தகராறாகிவிடும்.

89 என்பது துணையோடு சேர்ப்பது, நோயாளி சார்பில் இன்னொருவர் கையெழுத்திட்டுச் சேர்ப்பது. டெல்டாவில் வருகிற தகராறுகளில் கனமானவை இங்கேதான். மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். நியமனப் பிரதிநிதி ஒருவரின் விண்ணப்பம் (நோயாளி தன் சார்பில் பேச எழுதிவைத்த ஆள், எழுதாவிட்டால் உறவினர்). இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்தது; அதில் ஒருவர் மனநல மருத்துவர், மற்றவர் மனநலத் துறை நிபுணரோ பொது மருத்துவரோ. அந்தப் பரிசோதனை சேர்த்த அன்றோ அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ நடந்திருப்பது. மேலே சொன்ன ஆபத்துகளில் ஒன்றாவது அண்மையில் இருந்ததாக இருவருமே எழுதியிருக்க வேண்டும். அதிக பட்சம் 30 நாள்.

கேஸ் ஷீட்டைக் கையில் வாங்கினால் கண் போகவேண்டிய இடம் அந்த "தனித்தனியாக" என்ற சொல். இரண்டு பரிசோதனைக் குறிப்பும் ஒரே கையெழுத்தில், ஒரே நேரம் போட்டு, வரிக்கு வரி ஒன்றாக இருந்து, கீழே மட்டும் இரண்டு பெயர் இருந்தால் அதுவே கேள்வி. இரண்டாவது கையெழுத்துப் போட்டவர் அன்று அந்த ஊரிலேயே இல்லை என்றால் கேட்கவே வேண்டாம். இன்னொன்று: "ஆக்ரோஷமாக இருந்தார்" என்ற ஒற்றை வரி. யாரை, எப்போது, என்ன செய்தார் என்று இல்லாமல் இந்த வரி மட்டும் இருந்தால் அது குடும்பம் சொன்னதை எழுதியது. மருத்துவர் பார்த்தது ஆகாது.

நாள் கணக்கை ஓர் எடுத்துக்காட்டாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண்ணை ஜூன் 1 அன்று 89-இல் சேர்த்தார்கள் என்று வையுங்கள். பெண்களையும் சிறாரையும் சேர்த்தால் மூன்று நாளில் வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும், ஆகவே ஜூன் 4-க்குள். ஆண் என்றால் ஏழு நாள். அவரால் சுயமாக முடிவெடுக்க முடிகிறதா என்று ஏழு நாளைக்கு ஒருமுறை பார்த்து எழுத வேண்டும்: ஜூன் 8, 15, 22, 29. ஜூன் 30-உடன் கெடு முடிகிறது. தொடர்ந்து வைக்க வேண்டுமென்றால் 90-ஆவது பிரிவு. இப்போது இரண்டு பேருமே மனநல மருத்துவர்களாக இருக்க வேண்டும், பிரதிநிதி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், ஏழு நாளில் வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும், 21 நாளுக்குள் வாரியம் அனுமதிக்கவோ விடுவிக்கவோ வேண்டும். முதல் நீட்டிப்பு 90 நாள் வரை, அடுத்தது 120, அதற்குப் பின் ஒவ்வொரு தடவையும் 180. இந்தக் காகிதம் எதுவும் இல்லாமல் ஜூலை 1 விடிந்தால், அந்தப் பெண் தன் விருப்பத்தில் இருந்தால்தான் உண்டு. இல்லையென்றால் அவரை வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை.

விட்டு ஏழு நாளுக்குள் மறுபடி கொண்டுவந்தால் அது புதுச் சேர்க்கையாகக் கணக்கில் வராது, நேராக 90-இல் விழும். 29-ஆம் நாள் டிஸ்சார்ஜ், 31-ஆம் நாள் புது அட்மிஷன் என்று நாளைச் சுற்றிவிடும் வித்தை இதில்தான் அடிபடுகிறது. டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தேதியே சொல்லிவிடும்.

94 அவசரச் சிகிச்சை. பதிவு பெற்ற எந்த மருத்துவரும் உயிருக்கு ஆபத்தைத் தடுக்கச் செய்யலாம், 72 மணி நேரம் வரைதான். அதற்குள் மின் அதிர்ச்சிச் சிகிச்சை கூடாது.

முதல் கதவு: மருத்துவமனை மேசை

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தில் இருக்கின்றன. பொதுவாக அரசு வார்டுகளில் தகராறு "விடமாட்டேன்" என்பதில் வருவதில்லை. கட்டில் தேவை, கூட ஆள் இருக்க வேண்டும், சீக்கிரம் அனுப்பவே பார்ப்பார்கள். அங்கே குறை மறுபக்கம்: குடும்பம் வந்து கூட்டிப் போகாதது. குணமானவரை வீட்டார் வரவில்லை என்பதற்காகவே உள்ளே வைத்திருக்கக் கூடாது என்பது 19-ஆவது பிரிவு. ஊரில் வாழும் உரிமை என்று அதற்குப் பெயர். தங்க இடம் தேடித் தரும் பொறுப்பு அரசின் தலையில் வருகிறது.

தனியார் பக்கம் போனால் பில். பாக்கி இருக்கிறது, கட்டிவிட்டுக் கூட்டிப்போங்கள் என்பார்கள். 88-ஆவது பிரிவில் நிறுத்தி வைக்கக் காரணங்கள் என்னென்ன என்று எழுதியிருக்கிறது, அதில் பில் இல்லை. பாக்கியைச் சிவில் கடனாக வசூலிக்கலாம், ஆளைப் பிணையாக வைக்க முடியாது. பாக்கித் தொகையை எழுதி, தவணையில் தருகிறோம் என்று கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, டிஸ்சார்ஜ் கேட்ட தாளைத் தனியாகக் கொடுங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் பில் பேச்சே ஓடும், டிஸ்சார்ஜ் பின்னுக்குப் போகும்.

மேசையில் மரியாதையாகக் கேட்டே நான்கு விஷயம் வாங்கலாம். எந்தப் பிரிவில் சேர்த்தோம் என்று நோயாளிக்கும் பிரதிநிதிக்கும் சொல்வது 22-ஆவது பிரிவின்படி கடமை, அதுவும் அவருக்குப் புரிகிற மொழியில். மருத்துவக் குறிப்புகளைப் பார்ப்பது 25. வாரியத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிவைப்பது, வாரியத்துக்கு விண்ணப்பிக்கப் படிவம் கொடுப்பது, வாரியத்தை அழைக்க இலவசமாகப் போன் கொடுப்பது எல்லாம் 72. நோயாளி தன் வழக்கறிஞரோடு பேசுவதைத் தடுக்க முடியாது என்பது 26. மற்ற பார்வையாளர்களுக்கு என்ன நேரம் வைத்திருந்தாலும் வழக்கறிஞருக்கும் பிரதிநிதிக்கும் அது பொருந்தாது.

சுவரைப் பாருங்கள். சாமி படம், யோகா அட்டவணை, உணவு நேரம் எல்லாம் மாட்டியிருக்கும். வாரியத்தின் முகவரி இல்லையென்றால் அந்தச் சுவரை அப்படியே போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு விண்ணப்பத்தோடு இணைக்க அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

மறுவாழ்வு மையம் என்கிற பலகை

குடிமீட்பு மையங்களைத் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. சட்டத்தில் மனநோய் என்பதன் விளக்கத்திலேயே மதுவாலும் போதையாலும் வரும் மனநிலைப் பாதிப்பு சேர்ந்திருக்கிறது. அறிவுத்திறன் குறைபாடு சேராது. ஆகவே குடி நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கிற இடமும் மனநல நிறுவனம்தான், மாநில மனநல ஆணையத்தில் பதிவு வேண்டும். ஆயுர்வேதம், சித்தா, யோகா என்று பலகையில் எழுதினாலும் இதிலிருந்து தப்ப முடியாது. பதிவில்லாமல் நடத்தினால் 107-ஆவது பிரிவில் முதல் தடவை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், இரண்டாம் தடவை 2 லட்சம் வரை, அதற்கும் மேல் 5 லட்சம் வரை.

ராத்திரி வேன் வரும், நான்கு பேர் இறங்குவார்கள், தூங்குகிறவரைத் தூக்கிப் போவார்கள். வீட்டார்தான் போன் போட்டு வரச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் பட்ட பாடு நமக்கும் தெரியும், டாஸ்மாக் வாசலில் தொலைந்த வீடுகள் எத்தனை. ஆனாலும் வேனில் வந்த நால்வரில் யாரும் மருத்துவர் கிடையாது, இரண்டு தனிப் பரிசோதனை நடக்கவில்லை, 89 அங்கேயே விழுந்துவிடுகிறது. தூக்கிப்போனவர்கள் மேல் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம், 127-ஆவது பிரிவில் சட்டவிரோதமாக அடைத்துவைத்த குற்றம் வரும். "மூன்று மாத பேக்கேஜ்" என்று முன்பணம் வாங்குவதும் இப்படித்தான். சட்டத்துக்கு 30 நாள் தெரியும், பேக்கேஜ் தெரியாது. தானாக வந்து சேர்ந்தவர் மூன்று மாதம் இருக்கலாம், ஆனால் பத்தாவது நாள் போகிறேன் என்றால் கதவைத் திறக்க வேண்டும்.

இந்த வகை இடங்களுக்கு எங்கள் மதிப்பீடு: பதிவுச் சான்றைக் கேட்டதும் காட்டுகிற இடம், பொறுப்பு மனநல மருத்துவர் யார், வாரத்தில் எந்த நாள் வருகிறார் என்று சொல்கிற இடம், வாரம் ஒருமுறையாவது நோயாளியோடு தனியாகப் பேச விடுகிற இடம் என்றால் பேசலாம். "முதல் மாதம் யாரும் பார்க்கக் கூடாது" என்று விதி போட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டாம் கதவு: மனநல மறுஆய்வு வாரியம்

வடிவமைப்புக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண். மாவட்ட நீதிபதி அல்லது ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தரத்தில் ஒருவர் தலைவர். ஆட்சியரின் பிரதிநிதி, ஒரு மனநல மருத்துவர், ஒரு பொது மருத்துவர், அதோடு மனநோயோடு வாழ்ந்தவர் அல்லது பராமரிக்கிறவர் அல்லது அவர்களுக்காக இயங்கும் அமைப்பைச் சேர்ந்தவர் என்று இருவர். கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. விசாரணை மூடிய அறையில், ஊர் வாய்க்கு மெல்லக் கிடைக்காது. 89-இல் சேர்த்ததை எதிர்த்தால் ஏழு நாளில், 90-ஐ எதிர்த்தால் 21 நாளில், மற்றவற்றை 90 நாளில் முடிக்க வேண்டும். பிடிக்காத தீர்ப்பு வந்தால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு.

கையில் கிடைக்கும் சேவைக்கு அவ்வளவு மதிப்பெண் கொடுக்க முடியாது. வாரியம் என்று ஒன்று இருப்பதே வார்டில் இருப்பவருக்கும் வீட்டாருக்கும் தெரியாது. சுவரில் பலகை வைக்கச் சொன்ன 72-ஆவது பிரிவு மீறப்படுவதன் விலை இதுதான். தெரிந்து போகிறவர்களின் மனுவும் இரண்டு இடத்தில் மாட்டும்.

முதலாவது, யார் மனுப்போடலாம் என்பது. நோயாளி, அவருடைய நியமனப் பிரதிநிதி, அல்லது நோயாளியின் சம்மதத்தோடு ஒரு பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் ஆள். அவ்வளவுதான். அண்ணன் என்பதால் மட்டும் அண்ணன் போட முடியாது. மனைவியைக் கணவன் சேர்த்து, கணவனே பிரதிநிதியாகக் கையெழுத்திட்டிருந்தால், பெண் வீட்டார் போடும் மனு வாசலிலேயே நிற்கும். வழி இருக்கிறது. 14-ஆவது பிரிவின்படி பிரதிநிதியை நியமிப்பது வெள்ளைத் தாளில் ஒரு கையெழுத்தோ கைநாட்டோ போதும், நியமிக்கப்பட்டவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். சேர்ந்த பிறகும் மாற்றலாம். அந்தப் பெண் "என் பிரதிநிதியாக என் தம்பி இருக்கட்டும்" என்று நாலு வரி எழுதிக் கொடுத்தால் நிலைமை புரண்டுவிடும். எதுவும் எழுதாதவருக்கு ரத்த உறவு, திருமண உறவு, தத்து உறவு எல்லாமே உறவினர்தான். முதலில் ஓடிவந்து கையெழுத்துப் போட்டவர் பிரதிநிதி ஆகிவிடுகிறார். சண்டையுள்ள குடும்பத்தில் இருப்பவர் நன்றாக இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டிய தாள் இது.

இரண்டாவது, மனுவின் உள்ளடக்கம். மூன்று பக்கத்துக்கு மாமியார் கதை, நகை கதை, நிலத் தகராறு. கடைசிப் பத்தியில் "ஆகவே விடுவிக்கவும்". வாரியம் தேடுவது சேர்த்த தேதி, பிரிவு, கையெழுத்திட்டவர், ஆபத்து இப்போது இருக்கிறதா, வெளியே வந்தால் எங்கே தங்குவார், மருந்து யார் தருவார் என்பவற்றை. மனு ஒரு பக்கம் போதும். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாத மனுவைவிட, "கும்பகோணத்தில் அக்கா வீட்டில் தங்குவார், அரசு மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவில் மருந்து வாங்குவோம்" என்று இரண்டு வரி எழுதிய மனு வேகமாக நகரும்.

முன்சீப் கோர்ட்டில் உறுத்துக்கட்டளை (இன்ஜங்ஷன்) கேட்டு வழக்குப் போடும் வக்கீல்களும் உண்டு. வாரியம் முடிவு செய்ய வேண்டிய விஷயத்தில் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை, 116-ஆவது பிரிவு. காசும் நாளும்தான் போகும்.

மூன்றாம் கதவு: சட்டப்பணிகள் ஆணைக்குழு

ஐந்தில் காசுக்கு, இல்லை, காசே இல்லாமல் கிடைப்பதற்கு, இதுதான் சிறந்தது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு, மன்னார்குடி, கும்பகோணம், பட்டுக்கோட்டை போன்ற ஊர்களில் வட்டக் குழு. 15100 என்ற எண்ணிலும் பிடிக்கலாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, மனநல மருத்துவமனையில் அடைபட்டிருப்பவருக்கு வருமானம் எதுவானாலும் இலவச வழக்கறிஞர் உண்டு என்கிறது. பெண்களுக்கும் அப்படியே. ஆகவே வருமானச் சான்று கொண்டுவா என்று யாராவது சொன்னால் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். மனநலச் சட்டத்தின் 27-ஆவது பிரிவும் இதே உரிமையைத் தருகிறது. மனநோயுள்ளவர்களுக்கு என்றே தேசிய ஆணையம் 2024-இல் புதிய திட்டமும் கொண்டுவந்திருக்கிறது.

இவர்களால் செய்ய முடிகிற, மற்றவர்களால் முடியாத காரியம் ஒன்று: உள்ளே போவது. சட்டத் தன்னார்வலரையோ வழக்கறிஞரையோ ஆணைக்குழு அனுப்பினால் வாசலில் நிறுத்துவது கடினம். அவர் நோயாளியைத் தனியாகப் பார்த்து, வெள்ளைத் தாளில் பிரதிநிதி நியமனமும் மனுவும் எழுதி வாங்கி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

குறை என்னவென்றால், பட்டியலில் இருக்கும் வழக்கறிஞர்கள் விபத்து வழக்கிலும் ஜீவனாம்சத்திலும் பழகியவர்கள். மனநலச் சட்டத்தைப் புரட்டாதவர் வந்தால் முதல் யோசனை ஆட்கொணர்வு மனுவாகத்தான் (அடைத்து வைத்தவரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் கேட்பது) இருக்கும். தேதி, பிரிவு, பிரதிநிதி பெயர், வாரியத்துக்குத் தகவல் போனதா என்று நாலு வரிக் குறிப்பை நீங்களே எழுதிக் கையில் கொடுங்கள்.

நான்காம் கதவு: நடுவர்

இது வேறு வேலைக்கான கதவு. வீட்டில் மனநோயாளியைக் கட்டிப்போட்டு, பட்டினி போட்டு, அடித்து வைத்திருந்தால் காவல் நிலையப் பொறுப்பாளர் நடுவருக்கு அறிக்கை தர வேண்டும். நடுவர் நேரில் வரவழைத்துப் பார்க்கலாம், பரிசோதனைக்காக அரசு நிறுவனத்தில் அதிகபட்சம் 10 நாள் வைக்க உத்தரவிடலாம். தெருவில் திரிகிறவரைப் பார்த்தால் 100-ஆவது பிரிவு: காவல்துறை பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து வீட்டைத் தேட வேண்டும். நாகூர், வேளாங்கண்ணி, கும்பகோணம் பேருந்து நிலையம் ஆகிய இடங்களில் இந்தப் பிரிவு தெரிந்த ஒரு ஏட்டு இருந்தால் ஒரு உயிர் பிழைக்கும்.

தனியார் வீட்டிலோ பதிவில்லாத இடத்திலோ அடைத்திருந்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 100-ஆவது பிரிவில், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 97, தேடுதல் வாரண்டு கேட்கலாம். உள்ளூரிலேயே முடிகிற வழி, யாரும் எடுப்பதில்லை. இரண்டு 100-உம் வேறு வேறு சட்டம், மனுவில் குழப்பிவிடாதீர்கள்.

ஐந்தாம் கதவு: உயர் நீதிமன்றம்

பலம் அதிகம், வாய் குறுகல். ஆட்கொணர்வு மனுவில் நீதிமன்றம் பார்ப்பது அடைத்து வைத்தது சட்டப்படியா என்பதை. 89-இன் காகிதம் சரியாக இருந்தால் "வாரியத்துக்குப் போ" என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும். காகிதமே இல்லாத இடத்துக்கும், எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாதபோதும் இதற்கு நிகர் இல்லை.

டெல்டாக்காரர்கள் தவறவிடுவது எல்லையை. தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக் கிளையின் கீழ். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை சென்னை. ஆடுதுறையில் ஒருவரை அடைத்திருந்தால் மதுரை, அங்கிருந்து ரயிலில் கொஞ்ச தூரம் போய்க் குத்தாலத்தில் அடைத்திருந்தால் சென்னை. குடும்பம் எந்த ஊர் என்பதை வைத்து ஓடாமல், ஆள் எங்கே இருக்கிறார் என்று முதலில் உறுதி செய்யுங்கள். உள்ளூர் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் ரசீது கையில் இல்லாமல் போனால் முதல் கேள்வியே அதுதான்.

நிலம், பட்டா, கையெழுத்து

மூன்று ஏக்கர் நன்செய்யும் ஒரு மனநல அட்மிஷனும் ஒரே வருடத்தில் வந்தால் இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்ப்பது தப்பில்லை. வார்டில் சேர்ந்ததாலோ மாத்திரை சாப்பிடுவதாலோ ஒருவர் சட்டப்படி "சித்த சுவாதீனம் இல்லாதவர்" ஆகிவிடமாட்டார், தகுந்த நீதிமன்றம் அறிவித்தால்தான். 3-ஆவது பிரிவு சொல்வது இதை. டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிப் பத்திரத்தை ரத்து செய்யவோ, அவர் கையெழுத்தைத் தள்ளவோ முடியாது. பழைய 1987 சட்டத்தில் சொத்துக்குக் காப்பாளர் நியமிக்கும் அத்தியாயம் இருந்தது, புதிய சட்டத்தில் இல்லை. விவாகரத்து வழக்கில் மருத்துவக் குறிப்பைக் கொண்டுவந்து போடுகிறார்கள் என்றால் 23-ஆவது பிரிவின் ரகசியக் காப்பை எழுப்பலாம். மனநிலை பற்றிச் சந்தேகம் வந்தால் நீதிமன்றமே வாரியத்தின் கருத்தைக் கேட்க 105 இருக்கிறது.

சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள் என்றால்

குடும்பத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரவு முழுக்கத் தூங்காமல் அரிவாளை மறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தாயிடம் "அவருக்கு உரிமை இருக்கு" என்று சொல்வது எளிது. 98-ஆவது பிரிவு டிஸ்சார்ஜுக்கு முன் நோயாளியோடும் பிரதிநிதியோடும் வீட்டில் பார்த்துக்கொள்கிறவரோடும் பேசித் திட்டம் போடச் சொல்கிறது. "திட்டம் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், கேட்காவிட்டால் மாத்திரைச் சீட்டு மட்டும் வரும். நடு இரவில் பதற்றம் கூடினால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம்.

கோயில், தர்கா விஷயம் ஒரு வரி. குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள், தங்குவது பழைய நம்பிக்கை, யாரும் தடுக்கவில்லை. சங்கிலி மட்டும் கூடாது. ஏர்வாடி தர்கா ஊரில் ஒரு மனநல விடுதி 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது 28 பேர் செத்தது கட்டியிருந்த சங்கிலியால். எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்று 95-ஆவது பிரிவில் இருப்பதற்கு முன்னால் அந்த ஊர் இருக்கிறது.

வெளியே கூட்டி வரும் அன்று வாங்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துகளின் பெயரும் அளவும் எத்தனை நாளுக்கு என்பதும், அடுத்து வரவேண்டிய தேதி, சேர்க்கை விண்ணப்பத்தின் நகல். ஆதார், வங்கிப் புத்தகம், ஏடிஎம் அட்டை, கைப்பேசி ஆகியவை சேர்த்தவர் கையில் இருந்தால், அவற்றை நோயாளியிடமே திருப்பிக் கொடுத்ததற்கு ஒரு தாளில் நாலு வரி எழுதி, தேதியோடு இருவர் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.